பூட்டிய வீட்டு விளக்கு

ஜூலை 7, ஞாயிறு

விழா நல்லபடியாக முடிந்தது. முழங்கால் இரண்டும் தீயாக எரிகின்றன. ஆனாலும் எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

இந்த மரகதம் நகரில் இருப்பவர்கள் எல்லாம் கோயமுத்தூரில் மில் வைத்திருப்பவர்கள், பம்ப்செட் கம்பெனிக்காரர்கள், பெரிய டாக்டர்கள். நாங்கள் மட்டும் மகன் தயவில் உள்ளே வந்தவர்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டு அவன் வாங்கிப் போட்ட வில்லாவுக்கு நானும் இவரும் காவல். அதனால் குடியிருப்போர் சங்கத்தில் கலைக்குழுப் பொறுப்பை எனக்குக் கொடுத்தபோது, பூங்கோதை யார் என்று காட்டிவிட வேண்டும் என்றிருந்தேன். இன்றைக்குக் காட்டிவிட்டேன்.

சங்கத் தலைவர் குழந்தைவேலின் மகன் நித்திலன் நீட் தேர்வில் அறுநூற்று எண்பது எடுத்திருக்கிறான். போன வருடம் தவறிவிட்டது, இது இரண்டாவது முறை. மார்க் வந்த அன்றே குழந்தைவேல் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மறுநாளே கிளப் ஹவுஸ் முன்னால் புல்வெளியில் பேனர் வைக்க ஏற்பாடு செய்தேன். பையனின் முகம் ஆள் உயரத்துக்கு. கீழே ‘மரகதம் நகர் பெற்றெடுத்த மருத்துவரே, வருக’ என்ற வாசகம் நான் எழுதியது. நாலாம் நம்பர் பல் டாக்டருக்குத்தான் முகம் கொஞ்சம் சுருங்கியது.

பொன்னாடை போர்த்தும்போது பையன் தலையை நிமிர்த்தவேயில்லை. பேசச் சொன்னோம். ‘தேங்க்ஸ்’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பாயசத்தைக்கூடத் தொடவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஓர் அடக்கமான பிள்ளையா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: “அந்தப் பையனுக்குக் கை குடுத்தேன் கோதை. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.”

“ஹால்ல ஏசிய அந்தப் போடு போட்டிருந்தா வேற எப்படி இருக்கும்?” என்றேன். எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

ஜூலை 9, செவ்வாய்

இவருக்குக் காலையில் சர்க்கரை 170. டாக்டர் சொன்னபடி நடக்கிறார். பின்பக்க கேட்டைத் தாண்டி ரயில் தண்டவாளம் வரை போய் வருகிறார். ஆனால் சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை. இனி அளந்துதான் போடப் போகிறேன். காலையில் நாலு இட்லி, அதற்கு மேல் கிடையாது.

வேலைக்கு வரும் ருக்மணி சொன்னாள், குழந்தைவேல் வியாழக்கிழமை காலையில் பையனை மருத்துவக் கல்லூரி கலந்தாய்வு விஷயமாகச் சென்னைக்குக் கூட்டிப் போகிறாராம். ருக்மணியின் வீட்டுக்காரர் மயில்சாமிதான் அவர்களுக்கு டிரைவர். அதனால் அந்த வீட்டுச் சமாச்சாரமெல்லாம் எனக்குச் சுடச்சுட வந்துவிடும்.

ஜூலை 11, வியாழன்

நித்திலனைக் காணோம்.

விடியற்காலையில் மயில்சாமி காரைத் துடைத்து நிறுத்தியிருக்கிறார். குழந்தைவேல் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கீழே வந்து கூப்பிட்டால் பதில் இல்லை. மாடியில் கட்டிலில் போன் மட்டும் கிடந்ததாம். அவன் அம்மா சாருமதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, நேத்து ராத்திரி தோசை வேண்டாம்னான், நானும் சரின்னுட்டேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

இத்தனை அமளியில் இவர் நடையிலிருந்து திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டது. செருப்பு முழுவதும் கரிய ஜல்லித்தூள். துடைத்து வைத்த தரையில் அப்படியே நடந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். காபிகூடக் கேட்கவில்லை. பையனைக் காணோம் என்று வெளியிலிருந்தே கத்திச் சொன்னேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜூலை 12, வெள்ளி

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எங்கள் குரூப்புக்கு அவல் கிடைத்துவிட்டது. கடத்தல் என்கிறார் ஒருவர். காதல் என்கிறார் இன்னொருவர். பல் டாக்டர், குழந்தைவேலின் மில்லில் தகராறு செய்து வேலையை விட்டுப் போனவர்களை விசாரிக்கச் சொல்கிறார். எல்லாம் சரியாகத்தான் படுகிறது. அடுத்த செய்தியைப் படித்தால் அதுவும் சரியாகப் படுகிறது.

போலீஸ் வந்தது. பெண் இன்ஸ்பெக்டர், கெட்டிக்காரி மாதிரி தெரிந்தாள். பின்னால் வேலைக்காரர்கள் தங்கும் வரிசை வீடுகளை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார்கள். மயில்சாமியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். ருக்மணியின் சாப்பாட்டுப் பையையும் பார்த்தார்கள். அதுதானே முறை. வில்லாக்களுக்குள் மட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் ஆள் தராதரம் தெரியுமல்லவா?

எங்கள் வாசலில் நின்று, “பூட்டின வீடு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

பதினேழாம் நம்பர் மட்டும்தான் பூட்டியிருக்கிறது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அது எங்களுக்கு அடுத்த வீடு. வீட்டுக்காரர்கள் டல்லாஸில் இருக்கிறார்கள். சாவி எங்களிடம். வெள்ளிக்கிழமையில் வீடு இருட்டிக் கிடக்கக் கூடாதென்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதால் வாராவாரம் நான் போய் விளக்கேற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

“காலைலயே போய்ப் பாத்துட்டனுங்க” என்றார் இவர். “அங்க ஒண்ணுமில்லீங்க.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இவர் எப்போது போய்ப் பார்த்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். “உன்ற காலு இருக்கற லட்சணத்துக்கு நீ போக வேண்டாம், நான் வெச்சுட்டு வர்றேன்” என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்கு மயக்கமே வந்துவிடும் போலிருந்தது. கல்யாணத்திலேயே சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட மாட்டேன் என்று நின்ற மனுஷன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர். இந்த வீட்டில் ஒருநாள்கூடத் தீக்குச்சி கிழித்து விளக்கேற்றியதில்லை.

திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் சிவந்து ஒன்றில் கொப்புளம். திரியைத் தூண்டுகிறேன் என்று சுட்டுக்கொண்டாராம். தேன் தடவிவிட்டேன். வலிக்க வேண்டும், ஆனால் இவர் முகத்தில் நேற்றிருந்த கலவரம் இன்றைக்கு இல்லை. வயதானால் எல்லாருக்கும் பக்தி வரும் என்பார்கள். வந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 13, சனி

ஒன்றும் புரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் எட்டு இட்லி ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் காலி. இவரைக் கேட்டால் “பசிச்சுது” என்கிறார். நேற்று ராத்திரியும் தயிர்சாதம் இப்படித்தான் மாயமாகப் போனது. சரி, நாக்கை அடக்க முடியவில்லை, சர்க்கரை ஏறி எங்கேயாவது விழப்போகிறார் என்று பயந்து மெஷினை எடுத்து விரலில் குத்தினேன். 112. மெஷின் கெட்டுவிட்டதோ என்று என் விரலில் குத்திப் பார்த்தேன். எனக்கு எப்போதும் இருப்பதுதான் இருந்தது.

அப்புறம், பதினேழாம் நம்பர் மாடித் தொட்டி நிரம்பிக் காலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் யார் மோட்டார் போட்டது? இவரிடம் சொன்னேன். மோட்டார் கம்பெனியில் மேனேஜராக இருந்தவரல்லவா, வால்வு, ஏர் லாக் என்று என்னென்னவோ சொன்னார். எனக்கு அது பாதிதான் விளங்கியது. கேட்டுக்கொண்டேன்.

இவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையையும் காணோம். இஸ்திரிக்காரரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

மயில்சாமியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியாகப் பையனோடு பேசியது அவர்தானாம். புதன்கிழமை சாயங்காலம் காரில் போகும்போது, “மெட்ராஸ் எவ்வளவு தூரம் அண்ணா, வழியில வண்டிய நிறுத்திக்கலாமா?” என்று நித்திலன் கேட்டிருக்கிறான். இதை மயில்சாமியே தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். சொன்னதே வினையாகிவிட்டது. எதற்கு வண்டியை நிறுத்தச் சொன்னான், யார் சொல்லிக்கொடுத்தது என்று பிடித்துக்கொண்டார்கள்.

குரூப்பில் எல்லாருக்கும் நிம்மதி. ‘அப்பவே நினைச்சேன்’ என்று பத்துப் பேர். நானும் ஒரு கும்பிடு பொம்மை போட்டுவைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. எல்லாரும் ஏதோ போட்டார்கள்.

இதைச் சொன்னதும் இவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

சாயங்காலம் இவரோடு போய்ச் சாருமதியைப் பார்த்தோம். ஆள் பாதியாகிவிட்டாள். “அண்ணா, என்ற பையன் உசுரோட இருக்கறானுங்களா?” என்று இவரைப் பார்த்துக் கேட்டாள். எல்லாரும் சொல்கிற மாதிரி கடவுள் விட்ட வழி என்று இவரும் சொல்லியிருக்கலாம், சாமிதான் இல்லையென்றாலும். ஆனால் இவர் அவள் கண்ணைப் பார்த்து, “இருக்கறான் சாரு. நல்லாருக்கறான். சாப்பிடறான், தூங்கறான். வருவான்” என்றார்.

அவளுக்கு அப்படியொரு தெளிவு முகத்தில் வந்தது. இத்தனை ஆணித்தரமாகச் சொல்ல இவர் என்ன ஜோசியரா? நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

ஜூலை 15, திங்கள்

ருக்மணி வேலைக்கு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். பாத்திரத்தைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே குந்தி அழுதாள்.

“அடிக்கலீங்கம்மா. அடிக்கலேன்னுதான் சொல்றாரு. பெஞ்சு மேல உக்கார வெச்சிருக்கறாங்க. அந்தப் பையனுக்கு காரோட்டக் கத்துக் குடுத்ததே இவருதானுங்க. எங்க ஊட்டுல பெத்ததாட்டம் பாத்துக்கிட்டாரு. பையன் எங்கீன்னு இவுருக்கென்னுங்க தெரியும்?”

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். எங்கள் வீட்டில் தட்டில் கை கழுவினால் நான் என்ன சொல்வேன் என்று இவருக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மயில்சாமிக்காக இவர் ஏன் போக வேண்டும்? பக்தி வந்தது, ஜோசியம் வந்தது, இப்போது வக்கீல் வேலையும் வந்துவிட்டது. யாருடன் குடித்தனம் நடத்துகிறேன் என்றே சந்தேகமாக இருக்கிறது.

மதியம் தாண்டியும் இவர் வரவில்லை. சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழாம் நம்பரில் விளக்கைத் துலக்கி வைக்கலாம், ஆடி பிறக்கப் போகிறது, இவர் எப்படி எண்ணெய் கொட்டி வைத்திருக்கிறாரோ என்று போனேன்.

விளக்கைத் துலக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள், சாயங்காலம்

மறுபடி எழுதுகிறேன்.

அந்த வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளியில் இருக்கும் பேனர் நேராகத் தெரிகிறது. இத்தனை வெள்ளிக்கிழமை போயிருக்கிறேன், மாடிக்கு ஏறியதே இல்லை. அந்தப் பெரிய முகம் அங்கேயிருந்து பார்த்தால் நம்மையே முறைக்கிற மாதிரி இருக்கிறது. என் வாசகமும் கொட்டை எழுத்தில் தெரிகிறது. படிக்கவே பிடிக்கவில்லை.

உளுந்தும் அரிசியும் கூடுதலாக ஊறப் போட்டேன். சட்னிக்கு மிளகாயைக் குறைத்தேன். சின்ன வயதில் சிலருக்குக் காரம் ஆகாது.

இவர் இருட்டும் நேரத்தில் வந்தார். தன் பொறுப்பில் விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு மயில்சாமியைக் கூட்டி வந்துவிட்டாராம். சாப்பாட்டு மேசையில் தூக்குவாளி நிறையச் சோறும், தனியாக ரசமும், வாழைப்பழமும் எடுத்து வைத்திருந்தேன். இவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“உங்களுக்குத்தான். சர்க்கரை எறங்கிக்கிட்டே போகுதே. ரெண்டாள் சாப்பாடு சாப்பிட்டாத்தான் ஓராள் ஒடம்பு தாங்குமாட்டம் இருக்குது.”

இவர் வாளியை எடுத்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார். இருட்டில் யார் நடக்கப் போவார்கள் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு வருஷம் ஒரு தலையணையில் படுத்த பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத ஒன்று ஒரு மனுஷனுக்கு இருந்திருக்கிறது. கோபமாக வருகிறது. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் பதில் அந்த மாடி ஜன்னலில் தெரிகிறது. அதனால் யோசிக்கவும் பிடிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பேனரை எடுத்துவிடலாம் என்று குழந்தைவேலிடம் போய்ச் சொன்னேன். காற்றில் விழுந்துவிடும், யார் மேலாவது சாயும் என்று காரணம் சொன்னேன். ஷேவ் செய்யாத தாடியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

“எடுக்க வேண்டாங்க்கா. அவன் திரும்பி உள்ள நொழையறப்போ மொதல்ல அதைத்தான் பாக்கோணும். அப்பன் எவ்வளவு பெருமையா வெச்சிருக்கறான்னு தெரியோணும்.”

“இல்லீங்க தம்பி, ஒருவேளை பையனுக்கு அது—”

“நாளைக்கு ஆடி ஒண்ணு. அங்கயே கூட்டுப் பிரார்த்தனை வெச்சிரலாம்னு சங்கத்துல பேசிட்டம். வெளக்கு, பூவு எல்லாம் வரும். நீங்கதான் முன்னால நின்னு நடத்தோணும்.”

ஒருவேளை பையனுக்கு அது என்ன? அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். மகன் எங்கே என்று தெரியாமல் ஒரு தகப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நேற்று எனக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, நானும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை உடைத்தால் அந்தப் பிள்ளை மறுபடி எங்கே போய் உட்காருவான் என்பதும் எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எது சரி என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

ஜூலை 17, புதன், ஆடி ஒன்று

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பதினேழாம் நம்பர் மாடியில் நித்திலனைப் பார்த்தேன்; யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நானும், எங்கேயும் போகமாட்டேன் என்று அவனும் வாக்குக் கொடுத்துக்கொண்டோம்.

காலையில் புல்வெளிக்குப் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. பேனருக்கு முன்னால் மேசை போட்டுக் குத்துவிளக்கு. ஊதுபத்தி. பூக்காரர் ஆள் உயர சம்பங்கி மாலையைக் கொண்டுவந்திருந்தார். குழந்தைவேல் ஸ்டூல் மேல் ஏறித் தன் கையாலேயே அதைப் பேனருக்குப் போட்டார். மில் திறப்புவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் பேனருக்கு மாலை போட்டுப் பழகியவர். பெருமைக்குப் போடுவதாகத்தான் நினைத்துப் போட்டார். நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விளக்கையும் ஏற்றினார்கள். அப்போதுதான் சாருமதியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாலை போட்ட படம், முன்னால் விளக்கு, ஊதுபத்தி. சுற்றிலும் கை கட்டிக்கொண்டு நிற்கிற ஜனங்கள்.

“எவன் மாலை போட்டது?” என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. “செத்துப் போயிட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா? என்ற பையன் படத்துக்கு எவன்டா மாலை போட்டது?”

ஓடிப் போய் மாலையைப் பிடித்து இழுத்தாள். மாலையோடு பேனரின் ஒரு மூலையும் கிழிந்து வந்தது. அவள் விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள். “டாக்டரு வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், எனக்கு என்ற புள்ள வேணும்” என்று சொல்லிச் சொல்லி இழுத்தாள். குழந்தைவேல் ஸ்டூல் பக்கத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு அவரும் போய் மறுமூலைக் கயிற்றை அவிழ்த்தார். சட்டம் சாய்ந்தது. அந்தப் பெரிய முகம் புல்லில் குப்புற விழுந்தது.

நான் அப்போது பதினேழாம் நம்பர் மாடி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. அடுத்த நிமிஷம் அந்த வீட்டுப் பின்பக்கத்திலிருந்து, என் வீட்டுக்காரருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு நித்திலன் வந்தான். பின்னால் இவர்.

பையன் அப்பாவுக்கு நாலடி தள்ளி நின்றான்.

“மார்க்கு பொய்யிங்கப்பா. நானே மாத்திப் போட்டது. இந்தத் தடவையும் வரலை.”

குழந்தைவேல் அவனை மேலும் கீழும் பார்த்தார். கையை ஓங்கப் போகிறார் என்று நினைத்து இவர் ஓரடி முன்னால் வைத்தார். “யாரு சட்டைடா இது?” என்று கேட்டார் குழந்தைவேல்.

“தாத்தாவுதுங்கப்பா.”

“பெருசா இருக்குது” என்றார். அப்புறம் அப்படியே புல்லில் உட்கார்ந்துகொண்டு அழுதார். சாருமதி கையிலிருந்த மாலையைக் கீழே போடாமலேயே மகனைக் கட்டிக்கொண்டாள்.

ஜூலை 18, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது.

இவர் வாயைத் திறந்தார். அன்றைக்கு வியாழக்கிழமை காலை நடையில், தண்டவாளத்து ஜல்லியில் பையன் உட்கார்ந்திருந்தானாம். “என்ன கண்ணு, இங்க?” என்று கேட்டிருக்கிறார். ரயில் எப்போது வரும் என்று அவன் இவரைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாராம். ஒரு வண்டி போகும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வீட்டுக்குச் சொன்னால் நாளைக்கு மறுபடி இங்கேதான் வருவேன், அந்தப் பேனர் இருக்கும்வரை உள்ளே வரமாட்டேன் என்றானாம்.

“அவன் பொய் சொல்ற மாதிரி தெரியல கோதை. ரெண்டு நாள் டைம் கேட்டான். நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு போயிருச்சு.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“பேனர் வெச்சதே நீதானே.”

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் இவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். வயதுக்கு மரியாதை கொடுத்து அதோடு விட்டுவிட்டாள். டிரைவராக இருந்தால் விட்டிருப்பாளா தெரியாது. குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். குழந்தைவேல் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பவும் இல்லை, பேசவும் இல்லை. அவர் நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை பிடிக்க வேண்டுமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கும்தான்.

இவர் மயில்சாமி வீட்டுக்குப் போய்க் கையைக் கூப்பியிருக்கிறார். மயில்சாமி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, “நீங்க பையனக் காப்பாத்துனீங்க, அது பெரிய காரியமுங்க. ஆனா நான் பெஞ்சுல உக்காந்திருந்தப்போ உங்களுக்குத் தெரியுமில்லீங்க” என்று மட்டும் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் சுவரையே வெறித்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

ருக்மணி மதியம் வந்தாள். வேலைக்கு இல்லை. புல்வெளியில் கிடந்த பேனரைக் கேட்க வந்தாளாம், கூரை ஒழுகுகிறதாம். எடுத்துக்கொள், முகம் இருக்கும் பக்கம் உள்ளே வருகிற மாதிரி கட்டு, யார் கண்ணிலும் படக் கூடாது என்றேன்.

“உள்ள வெச்சுக் கட்டினா அண்ணாந்து படுக்கறப்போ தெனமும் நாங்க அந்த மொகத்தப் பாக்கோணுமுங்க” என்றாள் ருக்மணி. “வெளிய பாத்தாப்பலயே கட்டிக்கறனுங்க. மழை கழுவிட்டுப் போகட்டும்.”

நாளையிலிருந்து வேலைக்கு வருவாயா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. பாத்திரம் எல்லாம் நானே தேய்த்தேன்.

சாயங்காலம் நித்திலன் வந்தான். நீலச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தான். இவரைத் தாத்தா என்கிறான், என்னை ஆன்ட்டி என்கிறான். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அப்பா பேசறதில்லீங்க. ஆனா சாப்பிடறப்போ பக்கத்துல வந்து உக்காந்துக்கறாரு” என்றான். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். இந்த ஜென்மத்தில் இதுதான் முதல் தடவை.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பதினேழாம் நம்பருக்குக் கிளம்பினேன். “நான் வெக்கட்டுங்களா ஆன்ட்டி?” என்று கேட்டான். மூன்று பேரும் போனோம். திரியைத் திரித்து, எண்ணெய் விட்டு, ஒரே குச்சியில் ஏற்றிவிட்டான்.

“யாரு கத்துக் குடுத்தா?” என்றேன்.

“தாத்தாவப் பாத்துத்தானுங்க” என்று சிரித்தான். “எப்படி ஏத்தக் கூடாதுன்னு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெயத் திரி மேல கொட்டி, குச்சியா கிழிச்சு, கையச் சுட்டுக்கிட்டு, ‘இந்தச் சாமிக்கும் எனக்கும் எப்பவும் ஆகாது’ன்னு வெளக்கோட சண்ட போட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்கு மொத நாள் முழுக்க நான் ஒரு வார்த்தைகூடப் பேசலீங்க. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. சிரிச்சதுக்கு அப்பறந்தான் பசிச்சுது.”

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை பார்க்க இவர் கையைப் பிடித்தேன். கொப்புளம் ஆறி, தோல் உரிந்து, சிவப்பாக ஒரு தடம் மட்டும் இருக்கிறது. எதற்கென்று தெரியாமல் நான் தேன் தடவிய விரல். இன்றைக்கு அந்த விரலில் ஊசி குத்த மனசு வரவில்லை. இடது கையை நீட்டச் சொன்னேன்.